சிக்காகோவில் நாம் கேட்ட விலை

அமெரிக்க நாட்டு நகரங்களுள் வேறெதனையும் அறியாத நம் வீட்டு முதியோரும் சிக்காகோவை அறிவர். 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாசபையில் எழுந்து பேசிய நகரம் அது. இலங்கையிலிருந்து அநகாரிக தர்மபாலரும் அச்சபைக்குச் சென்றிருந்தார். சுவாமிகளின் சொற்பொழிவைப் பற்றியும், சபையோர் செய்த கரகோஷத்தைப் பற்றியும் நாம் பள்ளிக்கூடத்திலே படித்திருக்கிறோம். ஆயின், அச்சொற்பொழிவுக்கு முந்திய நாட்களில் அவர் எங்கே தங்கினார் என்பதை ஆசிரியர்கள் அவ்வளவாக விரித்துரைப்பதில்லை.

சென்னை அன்பர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணத்தோடும் கேத்திரி மன்னரின் உதவியோடும் பம்பாயிலே கப்பலேறிய சுவாமிகள், கொழும்பைத் தொட்டுக் கிழக்குத் திசையாகப் பிரயாணஞ் செய்து, யூலை மாத இறுதியிற் சிக்காகோ சேர்ந்தார். அவ்வாண்டு அங்கே உலகக் கண்காட்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. மகாசபையோ செப்டெம்பரிலேதான் கூடவிருந்தது. விடுதிச் செலவு கைப்பணத்தைக் கரைக்கத் தொடங்கியது. பொஸ்டனிலே செலவு குறைவு என்று கேள்வியுற்று அவர் அவ்வூருக்குப் போனார். சபை கூடும் வேளையில் மீண்டும் சிக்காகோ வந்தபொழுது, செல்லவேண்டிய முகவரி கைதவறிப் போயிற்று. அன்றிரவு புகையிரத நிலையத்துச் சரக்கு முற்றத்தில் வெறும் பெட்டியொன்றினுள் அவர் படுத்துறங்கினார் என்று வரலாறு எழுதியோர் கூறுவர். மறுநாட் காலை பசியோடு தெருவோரத்தில் அமர்ந்திருந்தவரைத் திருமதி ஹேல் என்னும் மாது கண்டு, தம் வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். அறை வாடகை பெரியாரையும் ஊர்விட்டு ஊர் துரத்தக்கூடியது.

இதனை இங்கே எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் நாமும் எம் தமக்கையாரும் அதே நகரில் ஐந்து இரவுகள் தங்கவேண்டியவர்களானோம். தமக்கையாரின் மகன் அங்குள்ள பல்கலைக்கழகமொன்றிற் கல்வி பயின்றுகொண்டிருந்தான். வேறு மூன்று மாணாக்கரோடு இரண்டறை வீட்டில் வாசஞ் செய்தவன், தாயையும் சிறிய தாயையும் எங்கே படுக்கவைப்பான்? தமக்கையார் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்து இளைப்பாறியவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, ஐந்து இரவு வாடகைக்கென அவர் ஒதுக்கியிருந்தது 450 டொலர். அதிலே சிறிது மீந்தால் மகனுக்கு நல்லதொரு குளிர்ச்சட்டை வாங்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். நகரின் நடுவே ஒழுங்கான விடுதிகளின் விலையைப் பார்த்தோம். இரவொன்றுக்கு 130 டொலர், அதன் மேல் வரி. கணக்குப் பார்த்தால் மூன்று இரவுக்கு மட்டுமே காசு போதும். மலிவான விடுதிகள் நகருக்கு வெளியே பெருந்தெருக்களின் ஓரத்தில் இருந்தன. ஆனால், கார் இல்லாதவர்கள் பனிக்காலத்தில் அங்கிருந்து எங்கும் போக இயலாது.

அப்பொழுது நாம் ஓர் உறவினர் திருமணத்தின் பொருட்டு ரொறன்ரோவில், ஸ்காபரோப் பகுதியில் இருந்தோம். மருமகனும் திருமணத்துக்கு வந்திருந்தான். மணவீட்டு ஆரவாரம் அடங்கிய ஓர் இரவு, அவன் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

“சின்னம்மா, நாங்கள் விலை கேட்டுப் பார்ப்பம். அவங்கள் சொல்லுற விலை இல்லை, நாங்கள் சொல்லுற விலை,” என்றான்.

இது என்ன புதுமை என்று நேயர்கள் வினவலாம். அதனைச் சிறிது விளக்குவோம்.

விடுதி அறை என்பது மீனைப் போன்றதொரு பண்டம். காலையிற் கரைக்கு வந்த மீனைக் கூறி விற்போர், வெயில் ஏற ஏற விலையை இறக்குவதை நம் கடற்கரைச் சந்தைகளிற் காணலாம். அறையோ மீனிலும் கேடானது. மீனைக் கருவாடாக்கலாம், நேற்றிரவு வெறுமையாய்க் கிடந்த அறையை இன்று எவருக்கும் விற்க முடியாது. ஐந்நூறு அறைகளைக் கட்டி வைத்திருப்பவன், அவற்றில் இருநூறு வெறுமையாய் இருந்தாலும், கட்டடத்தைச் சூடேற்றத்தான் வேண்டும், வேலையாட்களுக்குச் சம்பளங் கொடுக்கத்தான் வேண்டும். இன்னுமொருவர் வந்து தங்குவதால் அவனுக்கு ஏற்படும் மேலதிகச் செலவு, படுக்கை விரிப்பை வெளுப்பதும் அறையைக் கூட்டுவதும் சவர்க்காரக் கட்டியொன்று வைப்பதுமேயாம். ஆகவே, 130 டொலர் பெறும் அறையை 50 டொலருக்குக் கொடுத்தாலும் அவனுக்கு இலாபமே.

அப்படியாயின் அவன் வெளிப்படையாகவே 50 டொலர் என்று பலகை தொங்கவிடலாமே? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பலகை தொங்கவிட்டால், 130 கொடுக்கச் சித்தமாய் வந்தவரும் 50 மட்டுமே கொடுப்பார். கம்பனிச் செலவில் வரும் உத்தியோகத்தருக்கு விலை பெரிதன்று; அவருக்கு இன்ன தெருவில் இன்ன விடுதி என்பது திண்ணமாகத் தெரியவேண்டும். நம்மைப் போன்றோருக்கோ, தூய்மையான படுக்கையும் பூட்டக்கூடிய கதவும் நகர்நடுவில் இருந்தாற் போதும்; பெயர் எதுவாயினும் சம்மதம். இவ்விரு வகையினரையும் வேறு பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை சொல்வதற்கு விடுதிக்காரன் கண்ட வழி, மலிவாக விற்கும்போது தன் பெயரை மறைத்துக்கொள்வது. பணங் கட்டி முடியும்வரை வாங்குபவனுக்கு விடுதியின் பெயர் சொல்லப்படாது.

இந்த ஏற்பாட்டை இணையத்தில் முதன்முதற் பெருமெடுப்பில் நடத்தியது பிரைஸ்லைன் என்னும் அமெரிக்க நிறுவனம். ஜே வோக்கர் என்பவர் இதனை ஆரம்பித்தார். 1998இல் விமானச் சீட்டுகளோடு தொடங்கி, அவ்வாண்டிலேயே விடுதி அறைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வாங்குவோன் விலை கூறும் இம்முறைக்கு அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க அரசின் காப்புரிமையும் கிடைத்தது. விண்வெளிக் கப்பற்றலைவராக ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்த வில்லியம் ஷாட்னரே பல்லாண்டுகள் இந்நிறுவனத்துக்காக விளம்பரங்களில் தோன்றினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க விமானக் கம்பனிகள் சில கூடி ஹொட்வயர் என்னும் தளத்தைத் தொடங்கின. அங்கே பெயரை மறைத்து, விலையை மட்டும் தாமே சொன்னார்கள். பிரைஸ்லைனிலோ பெயரும் மறைவு, விலையும் மறைவு. இருட்டறையிற் கை நீட்டுவது போன்றதுதான்.

எம் தமக்கையாருக்கு இது சற்றும் பிடிக்கவில்லை.

“பேரும் தெரியாத வீட்டிலை எப்பிடிப் போய்ப் படுக்கிறது?”

“பேர் பிறகு சொல்லுவினம் அம்மா. காசு கட்டின உடனை சொல்லுவினம்.”

“காசு கட்டின பிறகு சொன்னாலென்ன, சொல்லாட்டிலென்ன!”

பேச்சிலே தமக்கையார் பக்கமே நியாயம் இருந்தது என்று இன்றும் எண்ணுகிறோம். எனினும் மூன்று இரவுக் காசை ஐந்து இரவாக்க வேறு வழி தென்படவில்லை.

விதிகள் இவை. நகரம் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்த வட்டாரம் வேண்டுமென நாம் சொல்லலாம். நட்சத்திரத் தரத்தைச் சொல்லலாம். நாளையும் விலையையும் சொல்லி, கடனட்டை இலக்கத்தை முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும். நாம் கேட்ட விலைக்கு அறை தர அவ்வட்டாரத்தில் ஏதேனும் ஒரு விடுதி உடன்பட்டிருந்தால், அக்கணமே பணம் எடுக்கப்படும். பிறகு மனம் மாறினாலும், நோய் வந்தாலும், விமானம் பறக்காவிட்டாலும் பணம் மீளாது. உடன்படாவிட்டால் ஒரு செய்தி வரும். அதே கேள்வியை விலையை மட்டும் உயர்த்தி உடனே மறுபடி கேட்க இயலாது. ஒரு நாள் காத்திருக்கவேண்டும். அல்லது கேள்வியில் வேறெதனையேனும் மாற்றவேண்டும்: புதிய வட்டாரமொன்றைச் சேர்க்கலாம், தரத்தைக் குறைக்கலாம்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விடுதிகள் தாம் ஏற்கக்கூடிய அடிவிலையை இரகசியமாக நிறுவனத்துக்கு அறிவித்திருக்கும். நாம் 90 டொலர் கேட்டு, விடுதியின் அடிவிலை 50 ஆக இருந்தால், இடையிலுள்ள 40 டொலரும் விடுதிக்குப் போவதில்லை. இடையில் நின்ற நிறுவனத்துக்கே போகும். கூடுதலாகக் கேட்டால் நல்ல அறை தருவார்கள் என்று எண்ணிய பலர் வீணிற் பணங் கொடுத்தார்கள். ஆகையாற் கீழிருந்து மெல்ல ஏறிவருவதே அறிவுடைமை. ஆனால் ஏறுவதற்கோ விதி தடையாக நின்றது.

தடையைக் கடக்கவும் அமெரிக்கர் ஒரு வழி கண்டிருந்தனர். நாம் நகர்நடுவில் நான்கு நட்சத்திர விடுதி கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புறநகர் வட்டாரமொன்றில் நான்கு நட்சத்திர விடுதி ஒன்றுமே இல்லை. அந்த வட்டாரத்தையும் நம் கேள்வியிற் சேர்த்தால், அங்கே நம்மைக் கொண்டுபோய் விட விடுதி கிடையாது. ஆனாலும் கேள்வி மாறிவிட்டது என்பதால், புது விலை கேட்க அனுமதி கிடைக்கும். இத்தகைய வெறும் வட்டாரங்கள் எத்தனை உண்டோ, அத்தனை முறை காத்திருக்காமல் விலையை உயர்த்தலாம். எந்த வட்டாரம் வெறும் வட்டாரம் என்பதை முன்பே ஆராய்ந்து வைத்திருப்பது அவசியம். நான்கு நட்சத்திரம் இல்லையென்று நினைத்த இடத்தில் ஒன்று புதிதாய்த் திறந்திருந்தால், இருபது மைல் தள்ளிப் போய்ப் படுக்க நேரும்.

மருமகன் ஒரு தாளிலே வட்டாரங்களை எழுதி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் குறியிட்டு வைத்திருந்தான். பரீட்சைக்கும் இவ்வளவு ஆயத்தஞ் செய்தானோ என்பது ஐயமே. அண்மையில் அதே வட்டாரத்தில் விலை கேட்டு வென்றவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட தொகைகளையும் அவன் திரட்டியிருந்தான். பெயர் மறைத்து விலை சொல்லும் மற்றத் தளத்தில் அதே இரவுகளுக்கு 79 டொலர் காட்டிற்று. அதனை மேல் எல்லையாக வைத்துக்கொண்டான்.

முதலில் 45 டொலர் கேட்டோம். ஒரு நிமிடத்துள் மறுமொழி வந்தது: இல்லை. வெறும் வட்டாரமொன்றைச் சேர்த்து 53 கேட்டோம். மறுபடியும் இல்லை. தமக்கையார் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே கேட்டார்: “இல்லாத இடத்தைச் சேர்த்துக் கேக்கிறியே, இது பொய்யில்லையோ?” மருமகன் தடுமாறினான். நாம் இதனைப் பற்றிப் பின்னரும் யோசித்திருக்கிறோம். பொய்யன்று என்பதே எம் தீர்ப்பு. விதியை எழுதியவர்கள் அவர்கள். எந்த வட்டாரத்தையும் சேர்க்கலாமென்று சொன்னவர்களும் அவர்களே. விடுதியின் அடிவிலையை எமக்கு மறைத்தவர்கள், எம் மேல்விலையை அவர்களுக்கு நாம் மறைத்ததைக் குறைகூற முடியாது.

இன்னொரு வெறும் வட்டாரத்தைச் சேர்த்து 62 டொலர் கேட்டோம். இம்முறை மறுமொழி வரச் சற்றுத் தாமதித்தது. பிறகு ஒரு விடுதியின் பெயரும் படமும் தெருவும் திரையிலே தோன்றின. மிச்சிகன் அவெனியூவுக்கு மிக அருகில், பழைய உயர்ந்த கட்டடம். ஐந்து இரவுக்கு 310 டொலர். வரியும் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேர 370க்குச் சற்று மேல். தமக்கையார் திரையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “படம் வடிவாய்த்தான் கிடக்கு,” என்றார். பின்னர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

சிக்காகோவுக்கு ஓஹெயர் விமான நிலையத்தால் வருபவர்கள், வாடகைக் காருக்குப் பணங் கொடுக்க வேண்டியதில்லை. நிலையத்துக்கு உள்ளேயே நீலப் பாதைப் புகைவண்டி வந்து நிற்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் நகர்நடுவில் இறக்கிவிடும். அம்மாதத் தொடக்கத்தில் அங்கே பெரும் பனிப்புயலொன்று வீசியிருந்தது. வீதியோரங்களில் ஒதுக்கிய பனி, கரி படிந்து, சாம்பல் மேடுகளாகக் கிடந்தது. தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது புகைவண்டி இரைச்சலோடு ஓடிற்று. ஏரியிலிருந்து வந்த காற்றைப் பற்றி எழுதுவதற்கு யாழ்ப்பாணத்தாருக்குச் சொற்கள் இல்லை. வாடைக்காற்று அதன் முன் குழந்தை.

விடுதியின் முன்மண்டபம் சலவைக் கல்லாலானது. வரவேற்பு மேசையிலிருந்த பெண் மரியாதையோடு நடந்துகொண்டாள். அவள் கொடுத்த அறையின் சாளரத்தைத் திறந்தால், பத்தடி தூரத்திற் செங்கற்சுவர். கட்டில் ஒன்றே, அகலமான கட்டில். விலை கேட்டு வருவோருக்கு இருவர் படுக்கக்கூடிய அறை என்பதற்கு மேல் எவ்வித உறுதியும் இல்லை. பார்வைக்கு அழகான அறைகள் முழு விலை கொடுத்தோருக்கு. நாம் இதனைக் குறையாகக் கருதவில்லை. சுவரைப் பார்ப்பதற்கு யார் சிக்காகோ போகிறார்கள்? சிறுபிராயத்திற் பாயொன்றில் இருவரும் படுத்ததற்குப் பின், அக்காவும் தங்கையுமாக ஒரு கட்டிலில் உறங்கியது அங்கேதான்.

இரண்டாம் நாட் காலை முன்மண்டபத்திற் கண்ட காட்சி வேறுவிதமானது. ஒரு குடும்பத்தினர், கணவன் மனைவி, பிள்ளைகள் இருவர், மூதாட்டி ஒருவர், மேசை முன்னே நின்றனர். அவர்களும் எம்மைப் போல் விலை கேட்டு வந்தவர்களே. ஐவருக்கும் ஓர் அறை, ஒரு கட்டில். இரட்டைக் கட்டில் அறை அன்று ஒன்றும் மீதியில்லை. மடிப்புக் கட்டில் ஒன்றுதான் போடலாமென்று சொன்னார்கள். இரண்டாவது அறை அன்றைய முழு விலைக்கு உண்டாம். போட்ட பணமோ மீளாது. மூதாட்டி ஒரு நாற்காலியில் அமர்ந்து, தன்னால் வந்த தொல்லை இது என்பதுபோல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிப் பெண் சொன்னது விதிப்படி சரியே. ஆயினும், அந்த மூதாட்டியின் முகத்தை மறக்க இயலவில்லை. நால்வர் ஐவராகச் செல்லும் குடும்பங்களுக்கும், நடக்க மாட்டாத முதியோருக்கும் இம்முறை ஏற்றதன்று. பிரயாணம் நடக்குமோ நடவாதோ என்ற நிலையில் உள்ளவர்களும் இதன் பக்கம் போகலாகாது. விசா கையில் வருமுன் இப்படி அறை வாங்குவது வெறும் சூதாட்டம்.

எமக்கு மீந்த காசு 70 டொலரைத் தாண்டிற்று. முதல் வேலையாக மருமகனுக்குக் குளிர்ச்சட்டை வாங்கினோம். குளிர்காலம் முடியும் தறுவாயில் அவையும் மலிவு. பிறகு காசு கேளாத இடங்களைத் தேடினோம். மிச்சிகன் அவெனியூவிலுள்ள சிக்காகோ கலாசார நிலையம் அவற்றுள் ஒன்று. அக்கட்டடம் 1897இல் நகரப் பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு தைமாதத்திலேதான் விவேகானந்தர் கொழும்பிலே வந்திறங்கி, கண்டி, அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணஞ் சென்றார். நிலையத்தின் கூரையில், டிபனி வண்ணக் கண்ணாடியாலான மாபெரும் கவிகை உண்டு. அதன் கீழ் நிற்கக் கட்டணமில்லை. எதிரே மிலேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் படைத்த உருக்குச் சிற்பம், நகரத்தையே தன் வளைவிற் காட்டிக்கொண்டு நின்றது. அவரைக் கொட்டை போன்றிருப்பதால் ஊரார் அதனை அவரை என்றே அழைக்கின்றனர்.

சர்வமத மகாசபை கூடிய கட்டடம் இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. வாயிலின் இரு பக்கமும் வெண்கலச் சிங்கங்கள், பச்சை நிறம் பூத்து நிற்கின்றன. அதன் முன்னேயுள்ள வீதித் துண்டுக்குச் சுவாமி விவேகானந்தரின் பெயரைச் சிறப்புப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். தமக்கையார் அப்பலகையின் கீழ், காற்றையும் பொருட்படுத்தாது சிறிது நேரம் நின்றார்.

பாமர் ஹவுஸ் என்னும் புகழ்பெற்ற விடுதிக்குள்ளும் போய்ப் பார்த்தோம். முன்மண்டபத்தில் உலாவுவோரை யாரும் தடுப்பதில்லை. 1871இல் அதன் முதற் கட்டடம் திறந்து 13ஆம் நாளே சிக்காகோப் பெருந்தீயில் எரிந்து போயிற்று. மறுபடி கட்டினார்கள், இப்பொழுது நிற்பது 1920களிற் கட்டியது. மேல்விதானத்தின் ஓவியங்களைக் கழுத்து நோகப் பார்க்கலாம். 1893 கண்காட்சிக்கு வந்த சீமாட்டிகளுக்காக பிரௌனி என்னும் கேக்கை முதன்முதற் செய்தது தம் சமையலறையே என்று அவ்விடுதியார் சொல்லிக்கொள்வர். ஒரு துண்டு வாங்கி மூவரும் பகிர்ந்து உண்டோம். மற்றப்படி சாப்பாட்டுக்கு, நகரின் வடக்கேயுள்ள டெவன் அவெனியூவே எமக்குத் துணை. அங்கே இந்தியக் கடைகள் வரிசையாக உண்டு. சைவ உணவுக்குக் குறைவில்லை.

அந்த விலை கேட்கும் வழக்கம் இப்போது இல்லை. 2012இல் பிரைஸ்லைன் நிறுவனமே விலையைத் தெரிவித்துப் பெயரை மட்டும் மறைக்கும் விற்பனையைத் தொடங்கிற்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில், ஷாட்னரின் பாத்திரம் பேருந்து விபத்தில் இறப்பதாக ஒரு விளம்பரம் வந்து, அமெரிக்கர் பலரை வியப்பில் ஆழ்த்தியது. சிறிது காலத்தின் பின் அவரை உயிர்ப்பித்தும் விட்டார்கள். விமானச் சீட்டுக்கு விலை கேட்பது 2016இல் நின்றது. சில ஆண்டுகளுக்குள் அறைகளுக்கும் நின்றது. கைத்தொலைபேசியில் இரண்டு தட்டலில் அறை பெறப் பழகியவர்கள், தாளும் பேனையுமாக நள்ளிரவில் அமரமாட்டார்கள் என்பதே காரணமென எண்ணுகிறோம். நிறுவனத்துக்கும் வேறு பெரிய வருவாய் வந்துவிட்டது: 2005இல் அது வாங்கிய நெதர்லாந்து நிறுவனமான புக்கிங், தாயையே விஞ்சி வளர்ந்தது; 2018 முதல் தாய்க் கம்பனியின் பெயரே புக்கிங் ஹோல்டிங்ஸ். நம்மவர் பலர் பயன்படுத்தும் அகோடாவும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆனால், பெயர் மறைத்து விற்றல் இன்றும் நடைபெறுகிறது. பிரைஸ்லைனும், இப்போது எக்ஸ்பீடியா குழுமத்துக்குச் சொந்தமான ஹொட்வயரும் வட்டாரத்தையும் நட்சத்திரத்தையும் விலையையும் காட்டி, பெயரை மட்டும் பணங் கட்டிய பின் சொல்கின்றன. முன்போலவே பணம் பெரும்பாலும் மீளாது. சிக்காகோ, நியூயோர்க் போன்ற ஊர்களுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இதனால் இன்றும் பயனடையலாம். ஒரே தரத்தில் பல விடுதிகள் நெருங்கியுள்ள வட்டாரத்திலேதான் இதில் இறங்கவேண்டும். அங்கே எது கிடைத்தாலும் பெருங்கேடு வராது. பரந்து கிடக்கும் வட்டாரத்தில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க ஒரு மணி நேரமாகும்.

காலத்தையும் பார்க்கவேண்டும். தை, பெப்ரவரி மாதங்களிற் சிக்காகோ வெறிச்சோடியிருக்கும். நவம்பர் இறுதியும் குளிர்தானே என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே கிட்டும். நன்றி கூறும் பண்டிகை முடிந்த ஞாயிறன்று, மெக்கோர்மிக் பிளேஸ் என்னும் மாபெரும் மண்டபத்தில் கதிரியக்க மருத்துவர்களின் ஆண்டு மாநாடு தொடங்கும். உலகெங்குமிருந்து பல்லாயிரவர் வருவர். அந்த வாரம் அறை மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே நாட்குறிப்பதற்கு முன், அவ்வாரத்தில் நகரிற் பெரிய மாநாடு உண்டா என்று விசாரிப்பது நன்று.

இன்னொன்று: விலைக்கு மேல் வரும் தொகை. நாம் விலை கேட்ட காலத்தில், வரியும் சேவைக் கட்டணமும் இறுதிப் படியிலேதான் தெரிந்தன. லாஸ் வேகாஸ் போன்ற ஊர்களில் வசதிக் கட்டணம் என்ற பெயரில் விடுதி வாசலிலே மேலும் வாங்கினர். 40 டொலர் அறைக்கு 30 டொலர் வசதிக் கட்டணம் கொடுத்தோர் உண்டு. 2025 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் விதியொன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையையே விடுதிகள் முதலிற் காட்டவேண்டும். அரசுக்குச் செலுத்தும் வரி மட்டும் இதற்குப் புறம்பு. சிக்காகோவில் அது சிறிய தொகையன்று. கைக்காசை எண்ணிச் செல்வோர் அதனையும் கூட்டிப் பார்த்தே பொத்தானை அழுத்தவேண்டும்.

பணம் மீளக்கூடிய சாதாரண அறையொன்றை முதலிற் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிரயாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் பெயர் மறைத்த விலைகளைப் பார்ப்பது மாணவரிடையே இப்போதுள்ள வழக்கம். மலிவாக ஒன்று அகப்பட்டால் அதை எடுத்து, முதற் பதிவை அதன் கெடு முடியுமுன் நீக்கிவிடுவார்கள். அந்தக் கெடு அவ்விடுதியுள்ள ஊரின் நேரப்படி கணக்கிடப்படும். கொழும்பிலே பொழுது விடியும்போது சிக்காகோவில் முந்தின நாள் மாலை.